காணவில்லை என்று எழுதிய காகிதம்

சப்பான்காரன் காலத்தில் என் மனைவிக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்ன இடங்களிலெல்லாம் பஞ்சத்தையும் சயாம் ரயிலையும் முன்னால் நிறுத்தி, அவற்றுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் பால்மரம் வெட்டி, பால் எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பால் எடுப்பது நின்றது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி போட்டோம். எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த என் அக்கா, தன் புருஷன் வழியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு என்னை அரித்தாள். "காய்க்காத மரத்துக்கு எத்தனை நாளைக்குத் தண்ணி ஊத்துவ?" என்று என் மனைவி காதில் விழும்படியே கேட்பாள். நான் ஒருநாளும் அவளை அடக்கியதில்லை.

அந்த வருஷம் எனக்குக் குளிர்காய்ச்சல் மூன்று தரம் வந்தது. அதற்கான கொயினா மருந்து கிடைக்காத காலம். கடைசித் தடவை தோட்டத்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேன். அங்கே டாக்டர் இடத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸராக இருந்தவர் யாழ்ப்பாணத்தார், ஐம்பது வயது இருக்கும். மருந்தே இல்லாத ஆஸ்பத்திரியில் அவரிடம் மிச்சமிருந்தது காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைப் பார்க்கும் மைக்ராஸ்கோப் ஒன்றுதான். எனக்குக் கஞ்சி கொண்டுவந்த என் மனைவி அவரிடம் நேராகவே கேட்டாள்.

"ஐயா, எனக்கு எல்லாம் சரியா இருக்குன்னு மருத்துவச்சி சொல்லிட்டாங்க. இவங்களையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. அதுக்கப்புறம் இன்னொருத்திய கொண்டாரட்டும்."

எனக்கு அவளை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. எழுந்து நிற்கத் தெம்பில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனேன். எனக்குக் குறையில்லை என்று காட்டி மனைவியின் வாயை அடைத்துவிடலாம் என்ற எண்ணம்தான். டிரெஸ்ஸர் வாயகன்ற ஒரு சிறிய போத்தலைக் கொடுத்துக் குளிக்கும் அறையைக் காட்டினார். அந்த வெட்கத்தை விவரிக்க வேண்டியதில்லை. போத்தலை அரைமணி நேரம் மேசையில் வைத்திருந்து, பிறகு ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, சன்னலோரம் குனிந்து நெடுநேரம் பார்த்தார். தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அவர் முதுகையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உயிரணு ஒண்டையும் காணேல்லை" என்றார்.

"நான் ஆம்பளதான்யா. வீட்டுல ஒரு குறையும் இல்ல."

"அது வேற, இது வேற. உடம்பில தெம்பு இருக்கிறதுக்கும் விந்தில உயிரணு இருக்கிறதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா வடிவாக் கேள். இண்டைக்குக் காணேல்லை, அவ்வளவுதான். உனக்குக் கடுங்காய்ச்சல் வந்து ஒரு மாசம்தான் ஆகுது. காய்ச்சல் அதுகளை அழிச்சுப்போடும். புதுசா ஊறி வர ரெண்டு மூண்டு மாசம் வேணும். ஒரு தரம் பாத்திட்டு ஒருத்தனை மலடன் எண்டு சொல்லக்கூடாது. மூண்டு மாசம் கழிச்சு வா."

ஒரு காகிதத்தில் இங்கிலீசில் இரண்டு வரி எழுதிக் கொடுத்து, அடுத்த தரம் வரும்போது கொண்டுவரச் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. ஆனால் அவருடைய முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும் வரிசையில், அந்தக் காகிதத்தைத் தோட்டத்து ஆபீசில் எழுதும் கிராணியிடம் நீட்டினேன். இங்கிலீசில் வேறு ஏதாவது நல்லதாக எழுதியிருக்கும் என்று ஒரு நப்பாசை. அவன் முதல் வரியை வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒன்னுமே காணோம்னு எழுதியிருக்கான்லா" என்று உரக்கச் சொன்னான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். இரண்டாவது வரியை அவனும் வாசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்கவும் என்பதுதான் அந்த வரி.

அன்றிலிருந்து மரவள்ளிக் காட்டில் என் பெயர் மாறிப்போனது. அக்கா இரண்டாந்தாரப் பேச்சை விட்டுவிட்டாள். என் மனைவி மட்டும் டிரெஸ்ஸரிடமே போய், மூன்று மாதத்தில் மறுபடி ஊறும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். தனக்குக் கிடைத்த கிழங்கில் பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள். அந்த இரக்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்றாவது மாதம் அவள் நினைவுபடுத்தியபோது, இன்னொரு தரம் ஊர் சிரிக்க வேண்டுமா என்று தட்டைத் தள்ளிவிட்டேன்.

நாலாவது மாதம் அவளுக்கு வாந்தி எடுத்தது.

சொல்ல வந்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. என் கை அந்த முகத்தில்தான் விழுந்தது.

"யாருடி?"

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "டிரெஸ்ஸர் ஐயா சொன்னாரே, மறுபடியும் ஊறும்னு. வாங்க, இப்பவே போவோம். நீங்களே கேளுங்க" என்றாள்.

"பேப்பர்ல ஒன்னுமில்லன்னு இருக்கு. வயித்துல எங்கேருந்து வந்துச்சு?"

"அது அன்னிக்கு உள்ளது. இன்னிக்கு உள்ளதப் பாருங்க, கும்பிடுறேன்."

விறகுக்கட்டையை எடுத்தேன். அவள் வயிற்றுக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு சுவரோரம் குந்தினாள். அதனால் முதுகில்தான் அடிக்க முடிந்தது. சத்தம் கேட்டு அக்கா வந்தாள். தடுக்க வரவில்லை. லயத்துத் தண்ணீர்க் குழாயடிக்கு அவளை இழுத்துப்போய், "மலடன் பொண்டாட்டி முழுகாம இருக்கா, வந்து பாருங்க" என்று கூவினாள். என்னை மலடன் என்று சொன்னதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெண்கள் விரல்விட்டு மாதத்தை எண்ணினார்கள்.

துணிக்குத் தட்டுப்பாடான காலம். பாதிப் பேர் கோணிச்சாக்கைத்தான் சுற்றிக்கொண்டிருந்தோம். அவளிடம் கிழியாத சேலை ஒன்று இருந்தது, கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்தது. "எந்தம்பி எடுத்த சேல, அவுத்து வச்சிட்டுப் போ" என்றாள் அக்கா. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீட்டுக்குள் போய்ச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்து, சேலையை மடித்து வாசலில் வைத்துவிட்டு நடந்தாள். கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் அவளுடைய அண்ணன் இருந்தான். வெயிலில், முதுகில் அந்தக் காயத்தோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள்.

ஒரு மாதத்துக்கெல்லாம் சயாமில் ரயில்பாதை போடச் சப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். கிராணி எழுதிய பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. "ஒனக்கென்ன, பின்னால அழ யாரு இருக்கா?" என்றான். காலில் எனக்கு ஆறாத புண் இருந்தது. அதைக் காட்டி, வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி வாங்க டிரெஸ்ஸரிடம் போனேன்.

அவர் புண்ணைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். பிறகு, "ஏன் மூண்டு மாசத்தில வரேல்லை?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

இந்தத் தடவை பார்த்து முடித்ததும் அவர் எழுந்துகொண்டார். "நீயே பார்" என்றார். ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன். முதலில் வெறும் வெளிச்சம். அவர் திருகைத் திருப்பினார். குட்டையில் மீன்குஞ்சுகள் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு எண்ண முடியாதபடி ஓடிக்கொண்டிருந்தன.

"காணேல்லை எண்டுதான் நான் எழுதினனான். இல்லை எண்டு நீ வாசிச்சாய்" என்றார். போத்தலைக் கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கே நான் கோலா சாவாவுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று மூன்று நாள் யோசித்தேன். மன்னிப்புக் கேட்பதா, கூட்டிக்கொண்டு மட்டும் வந்துவிடுவதா, அக்காவிடம் என்ன சொல்வது என்று என்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் சேலையை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள்:

"முந்தாநாத்துதான் லாரியில ஏத்திட்டுப் போனானுங்க. அண்ணன் பேரு லிஸ்ட்டுல இருந்துச்சு. அவன் போயிட்டா பொம்பளைங்களுக்கு ஏது சோறு? அவன் பொண்டாட்டியும் தங்கச்சியும் கூடவே ஏறிட்டாங்க. புள்ளத்தாச்சி, தூக்கித்தான் ஏத்துனாங்க. நீங்க யாரு?"

தெரிந்தவன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சிரம்பான் ரயிலடி வரை போனேன். ரயில் முதல்நாளே போய்விட்டது என்றார்கள்.

சண்டை முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு அவளுடைய அண்ணன் மட்டும் திரும்பி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எலும்பும் தோலுமாக ஒரு பாயில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து அடிப்பான் என்று நினைத்தேன். அவனுக்கு அதற்கு வலுவில்லை, அல்லது விருப்பமில்லை. காலராவில் முதலில் தன் மனைவி போனதைச் சொன்னான். பிறகு என் மனைவியைப் பற்றிச் சொன்னான். கூடாரத்தில், மழையில், பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. தாய்க்குப் பால் இல்லை. நாலு நாள் அரிசிக் கஞ்சித் தண்ணியை நனைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை போன மறுவாரம் அவளும் போனாள்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா, மச்சான்?"

"இல்ல."

அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் என் கண்ணாலேயே பார்த்தவன் நான். சந்தேகத்துக்கு இடமே இல்லாதவன். அப்படியிருந்தும் என் வாய் கேட்டது:

"புள்ள யாரு ஜாடை?"

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"ஜாடை தெரியற அளவுக்கு அது வளரல" என்றான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் கொண்டுபோயிருந்த அரிசியை வைக்க வீட்டில் ஒரு பானைகூட இல்லை. பொட்டலத்தோடு அப்படியே அவன் கால்மாட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.