அம்மா பதுளையில் இருந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. அதை ஒரு குறையாக அதுவரை யாரும் நினைத்ததில்லை. அவர் தேயிலை பெக்டரியில் இரவு வேலை பார்த்துவிட்டு விடிந்த பிறகு வருவார், பிளேன்டீ குடிப்பார், மத்தியானம் வரை தூங்குவார். எழுந்து உட்கார்ந்தால் முன்னால் சோறு இருக்கும். அது எப்படித் தட்டுக்கு வந்து சேர்ந்தது என்று அவர் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை.

அம்மா இருட்டோடு எழுந்து பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டிப் போட்டு, சம்பல் இடித்து, எனக்கு ரெட்டைப் பின்னல் போட்டு, அப்புறம் பெரட்டுக்கு ஓடுவாள். காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம்தான் பெரட்டு. பிந்திப் போனால் கங்காணியின் வாயில் விழ வேண்டும். அம்மா பிந்தியதே இல்லை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் மனதில் இராத்திரிச் சமையல் பாதி முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு எட்டு வயதானபோது அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷத்தை யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு மழை நாளில் தோட்டத்து லொறியில் அம்மாவைப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். பண்டாரவளையைத் தாண்டுவதற்குள் லொறியிலேயே எனக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள். அவள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா மட்டும் ஒரு மாதம் கழித்து வெளுத்துப்போய் வந்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

இந்த முறை மிட்வைப் மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "போன தரம் மாதிரி வலி வரட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. பத்து நாள் முந்தியே பதுளைக்குப் போய் வாட்டுல படுத்துறணும். வெளங்குதா?"

அம்மா எங்கள் பக்கம் கையைக் காட்டினாள். "நான் போயிட்டா இந்த ரெண்டையும் யாரு மிஸ் பாக்கிறது?"

ரெண்டில் ஒன்று நான். மற்றது அப்பா. அவர் அப்போது வாசலில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உதவிக்குக் கூப்பிட ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் அம்மாவின் ஒரே தங்கை, என் சித்தி, குவைத்தில் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் சொந்தங்கள் மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் கூப்பிட்டால் வருவார்கள், வந்தால் போக மாட்டார்கள் என்பது அம்மாவின் அபிப்பிராயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் கட்டிய எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுப் பெரியம்மா இருந்தாள். சொந்தம் இல்லை, அம்மாவுக்கு அக்கா முறை என்று வைத்துக்கொண்டதால் எனக்குப் பெரியம்மா. அவளும் காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவள்தானே.

ஆகவே எங்கள் இருவரையும் பழக்கி எடுப்பது என்று அம்மா முடிவு செய்தாள். எட்டாம் மாதத்தில் அவளைக் கொழுந்துக்கு அனுப்பாமல், தேயிலைக் கன்றுகளுக்குப் பையில் மண் நிரப்பும் இலேசான வேலைக்குப் போட்டிருந்தார்கள். மலை ஏறாத தெம்பு முழுவதும் எங்கள் மேல் இறங்கியது. அப்பா இரவு வேலை முடிந்து வந்த கையோடு குசினி வாசலில் நின்று எங்களுக்கு ஒரு பெரட்டு வைப்பாள். "நீ தண்ணி. நீங்க வெறகு. மொகத்தை என்ன அப்படி வச்சிருக்கீங்க, தூக்கமா? புள்ளத்தாச்சி ஆனதுலருந்து எனக்கும் தூக்கந்தான்." அப்பா கோடாரியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போவார். பெக்டரியில் பெரிய மெஷினை ஓட்டுகிற மனிதர், வீட்டில் இப்படி அடங்கிப் போனது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இதற்கிடையில் ஒரு நேர்த்தியையும் அவள் முடித்துவிட்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் எனக்குக் கதிர்காமத்தில் மொட்டை போடுவதாக வேண்டியிருந்தாள். பிறந்த பிறகுதானே போட வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, "சாமிக்கு எதுக்கு பாக்கி வைக்கணும், இப்பவே கூட்டிக்கிட்டுப் போய் வாங்க" என்று சொல்லிவிட்டாள். அப்பாவும் நானும் பெரகல சந்தியில் பஸ் ஏறிப் போய்வந்தோம். இடுப்பைத் தொட்ட என் முடி கதிர்காமத்தோடு போயிற்று. பள்ளிக்கூடத்தில் பையன்கள் தலையில் தட்டிவிட்டு ஓடினார்கள். முருகன் மேல் எனக்கு நல்ல கோபம்.

பதுளைக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதில் ஒரு பிளாஸ்க், ஒரு கோப்பை, கிழித்து மடித்த பழைய சேலைத் துணிகள். பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி வாங்கக் கூடாது என்பதால் வேறொன்றும் இல்லை.

"நான் பதுளைக்குப் போறேன்" என்றாள்.

அப்பா பதறி எழுந்தார்.

"பதறாதீங்க. பக்கத்து வீட்டு இஸ்தோப்புதான் இன்னைக்குப் பதுளை. நான் அங்க உக்காந்திருப்பேன். சமையலு, துணி, புள்ளை எல்லாம் ஒங்க பாடு. அந்தி வரைக்கும் என்னைக் கேக்காம சமாளிச்சீங்கன்னா செவ்வாய்க்கெழமை நெஜமாவே போறேன். இல்லாட்டி வலி வந்த பிறகுதான் போவேன். அப்புறம் லொறிதான்."

லொறி என்றதும் அப்பாவின் முகம் சுண்டிப் போனது. அன்றைக்கு நாங்கள் தோற்கக் கூடாது என்று எனக்கே விளங்கியது.

அம்மா பத்தடி நடந்து பெரியம்மா வீட்டு முன்விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். பதுளைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். குசினியில் கரண்டி விழுந்தால் அங்கே கேட்கும்.

அரிசி எளிதாக உலைக்குப் போயிற்று. பருப்பும் போயிற்று. அப்புறம் அப்பா என்னைப் பார்த்தார். "உப்பு எங்க பாப்பா?" எனக்கும் தெரியவில்லை. இருந்த டின்களையெல்லாம் திறந்து பார்த்தோம். சீனி இருந்தது, கடுகு இருந்தது, ஒன்றில் பொத்தான்கள் இருந்தன. "போய் அம்மாகிட்ட மெதுவா கேட்டுட்டு வா" என்றார். நான் போனேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு, "யாரு நீ? ஆஸ்பத்திரிக்குள்ள சின்னப் புள்ளைங்கள விட மாட்டாங்களே" என்றாள். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா யோசித்தார். பிறகு போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

"ஹலோ, யாருங்க?"

"நான்தான் புள்ள. ஒடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. வாட்டுல போன் பேசுனா நர்ஸ் ஏசுறாங்க, வச்சிடுறேன்."

உப்பைப் பற்றி அவர் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். லயத்தில் பாதிப்பேர் வாசலுக்கு வந்திருந்தார்கள்.

உப்பில்லாமலே பருப்பு இறங்கியது. சோறு களியும் இல்லாமல் சோறும் இல்லாமல் ஒரு பதத்தில் இருந்தது. அடுத்தது என் பள்ளிக்கூடத்து வெள்ளைக் கவுன். அதைத் துவைத்து நீலம் போடும்போது, நீலம் அதிகமானால் வெள்ளையும் அதிகமாகும் என்று அப்பா நினைத்துவிட்டார். கொடியில் காயப்போட்டபோது அது வானத்தின் நிறத்தில் இருந்தது. நாங்கள் இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா இருந்த பக்கம் தெரியாதபடி அப்பா அதைத் திருப்பிக் கொடியின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்.

மத்தியானம் அவர் ஒரு காரியம் செய்தார். முகம் கழுவி, வெளியூர் போகும்போது போடுகிற நீளக்கைச் சட்டையைப் போட்டு, தலையை வாரிக்கொண்டார். ஒரு தட்டில் சோற்றைப் போட்டு இன்னொரு தட்டால் மூடித் துணியில் கட்டினார். "வா, அம்மாவைப் பாக்கப் போவோம். பாக்கிற நேரம் ஆகிருச்சு" என்று என் கையைப் பிடித்தார். பத்தடியில் இருக்கிற இடத்துக்கு நேராகப் போகாமல், லயத்தைச் சுற்றி, பீலியைக் கடந்து, கோயில் படி வரை இறங்கி ஏறி என்னைக் கூட்டிப்போனார். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், "பதுளைக்கு. சம்சாரம் ஆஸ்பத்திரியில" என்றார்.

எங்களைக் கண்டதும் அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுகாலம் பார்க்கவில்லை. பிறகு தட்டைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு இல்ல" என்று அவரே சொன்னார்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல எப்பவும் உப்பு கம்மிதான்" என்று அம்மா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள். கையைக் கழுவிவிட்டு, "கூரைக்குக் கீழ, தொங்குற செரட்டைக்குள்ள இருக்கு உப்பு" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் ரொட்டியைக் கொஞ்சம் கருக்கிவிட்டால் நாள் முழுவதும் சொல்லிக்காட்டுகிறவள், அப்பாவை மட்டும் இப்படி விடுவதா? "ம்மா, அப்பா பெயில்தானே? சோறு குழைஞ்சிருச்சு, கவுனும் நீலமாயிருச்சு" என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

"பாஸ்தான்" என்றாள் அம்மா. "செவ்வாய்க்கெழமை போறேன்."

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அம்மா கொண்டையை அவிழ்த்து முடியை முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு, படியில் போய் உட்கார்ந்தாள். "இங்க வாங்க. இதையும் படிச்சிடுங்க. பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைப் பின்னல்தான் போடணும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மொட்டைத் தலையைத் தடவிக் காட்டி, "யாருக்கும்மா பின்னப் போறாரு? எனக்கா?" என்றேன். அப்பாவும் முதலில் சிரித்தார். அம்மாவின் முடியை இரண்டாக வகிர்ந்து, ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்துப் பிடித்தார். அப்புறம் அவர் சிரிப்பு நின்றது. கையும் நின்றது. பிடித்த முடியை விட்டுவிட்டு, "அடுப்பைப் பாத்துட்டு வாறேன்" என்று எழுந்து உள்ளே போனார். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"எதுக்கு இப்ப இந்தப் பேச்சு? வாயைக் கழுவு தங்கச்சி" என்று பெரியம்மா அம்மாவை ஏசினாள். அம்மா தப்பாக ஒன்றும் பேசவில்லையே, எதற்கு வாயைக் கழுவ வேண்டும் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆம்பிளை ஒருவர் நாலுபேர் பார்க்கப் பின்னல் போடுவது வெட்கமாக இருந்திருக்கும், அதனால்தான் அப்பா உள்ளே ஓடிவிட்டார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

அம்மா விடவில்லை. "வாங்க, இன்னொரு தரம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். பொழுது சாயும்வரை பின்னுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்கள். "இறுக்கிப் பிடிங்க, வலிக்காது. ரொம்ப இறுக்காதீங்க, அவளுக்குத் தலைவலி வரும்." அவள் என்று அம்மா சொன்னது என்னைத்தான். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அம்மா போனாள். நாங்கள் உப்புப் போட்டுச் சமைத்தோம். நான் வெளிறிய நீலக் கவுனில் பள்ளிக்கூடம் போனேன். ஒரு நாள் பெக்டரியிலிருந்தே அப்பா பதுளைக்குப் போய்விட்டார், இரண்டு நாள் வரவில்லை. பெரியம்மா வேலைக்குப் போகாமல் என்னோடு இருந்தாள், சாமிப் படத்து விளக்கை அணையவிடவில்லை. மூன்றாம் நாள் அப்பா தாடியோடு வந்து, தம்பி பிறந்திருக்கிறான், அம்மாவுக்கு இரத்தம் ஏற்றினார்கள், இப்போது பேசுகிறாள் என்று சொல்லிவிட்டுப் படுத்தவர் மறுநாள்தான் எழுந்தார். அதற்குப் பிறகும் நாளெடுத்துத்தான் அவள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் முதலில் குசினியைத்தான் போய்ப் பார்த்தாள்.

என் முடி அவசரப்படாமல் வளர்ந்தது. தம்பி நடக்கத் தொடங்கி, ஓடத் தொடங்கி, என் புத்தகங்களைக் கிழிக்கத் தொடங்கிய பிறகுதான் அது தோளுக்குக் கீழே இறங்கியது. புது வகுப்புக்குப் போகும் காலை, சீப்போடும் ரிப்பனோடும் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் அவற்றை வாங்கி, அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்த அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க."

"அதான் நீ இருக்கியே. நீயே போடு."

"இருக்கேன்ல" என்றாள் அம்மா. "அதனாலதான் பாக்கணும்னு ஆசையா இருக்கு."

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கதவில் சாய்ந்து நின்றாள். அப்பா பின்னினார். ஒரு பின்னல் மேலேயும் ஒன்று கீழேயுமாக வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கோணலாகப் போய்விட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. "பரவாயில்லம்மா, ரிப்பன் கட்டினா தெரியாது" என்று ஆறுதல் சொல்லிவிட்டு ஓடினேன்.

மொட்டைத் தலையில் ரெட்டைப் பின்னல் போட முடி வளர எவ்வளவு காலம் ஆகும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா நினைத்துப் பார்த்திருக்கிறாள். முடியைக் கையில் பிடித்த நேரத்தில் அப்பாவும் நினைத்துப் பார்த்துவிட்டார். பக்கத்தில் நின்று நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.