ரிச்சர்ட்சன் சமையலறையில் தாங்ஹூலூ

எங்கள் ஊர் காப்பெலிலிருந்து ரிச்சர்ட்சன் இருபது மைல்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நானும் கணவர் செந்திலும் போய்வந்த இந்தப் பயணத்தை எழுதாமல் வேறு எதையும் என்னால் எழுத முடியவில்லை.

லான் என் அலுவலகத் தோழி. வட சீனாவில் ஹார்பின் நகரத்துக்காரி. எட்டு வருடமாக எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. அவளுக்கு வந்த இரைப்பைப் புற்றுநோய் ஈரல்வரை பரவியதும் கீமோவை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலேயே வைத்து வலிக்கு மட்டும் மருந்து. அந்த நிலையில்தான் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. தாங்ஹூலூ சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது, கணவர் வெய்க்குச் சமைக்கத் தெரியாது, நீ வருவாயா என்று கேட்டிருந்தாள்.

குச்சியில் கோத்த பழங்களின்மேல் சர்க்கரைப் பாகு கண்ணாடிபோல் உறைந்திருக்கும் பண்டம் அது. ஹார்பினில் குளிர்காலம் முழுக்கத் தெருவில் விற்பார்களாம்.

635 ஃப்ரீவேயில் கூட்டமில்லை. அரை மணி நேரத்தில் ரிச்சர்ட்சன் சீன மளிகைக் கடையில் இருந்தோம். இதற்கான அசல் பழம் ஷான்ஜா. சிவப்பாக, சின்னதாக, நல்ல புளிப்பாக இருக்கும். பை ஏழு டாலர். கொஞ்சம் வாடியிருந்ததால் ஸ்ட்ராபெர்ரியும் எடுத்துக்கொண்டோம்.

லான் வீட்டில் கதவைத் திறந்த வெய், வாசலிலேயே ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். பாகு காய்ச்சச் சொல்லித்தர லானின் அம்மா வீடியோ காலில் வருகிறார். அவருக்கு எதுவும் தெரியாது. அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"பெத்தவங்ககிட்ட போய் எப்படிம்மா மறைக்கிறது?" என்று செந்தில் என் காதில் கேட்டார்.

"இப்ப எதுவும் கேக்காதீங்க. உள்ள வாங்க."

லான் சோஃபாவில் கம்பளித் தொப்பியும் லிப்ஸ்டிக்குமாகச் சாய்ந்திருந்தாள். அந்த முகத்தில் பழைய லானைத் தேட வேண்டியிருந்தது. எங்களுக்கு மாலை, ஹார்பினில் மறுநாள் காலை. ஃபோன் திரையில் அவள் அம்மா தன் சமையலறையில் நின்றிருந்தார்.

இரண்டு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். அடுப்பில் வைத்ததும் செந்தில் பழக்கதோஷத்தில் கரண்டியை விட்டுக் கிளறினார். திரையில் ஒரு சத்தம். கிளறக் கூடாதாம். அதற்குள் பாகு வெள்ளை மணலாகப் பூத்துவிட்டது. இரண்டாம் முறை யாரும் தொடவில்லை. பாகு லேசாக மஞ்சளானதும் ஐஸ் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டோம். கல்லாகி, ஒடித்தால் உடைந்தது. பழக்குச்சிகளை அதில் உருட்டி எடுத்தோம்.

இதற்கிடையில் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறாள்? அல்சருக்கான டயட் என்றார் வெய். பிறகு அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, அவளைச் சாப்பிட வைங்க" என்கிறாராம், வெய் மொழிபெயர்த்தார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

லான் ஒரு ஷான்ஜாவைக் கடித்தாள். சர்க்கரை உடையும் சத்தம் கேட்டது. மென்றாள். விழுங்க முடியவில்லை. டிஷ்யூவில் துப்பினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

ஃபோனைத் தன்னிடம் கொண்டுவரச் சொன்னாள் லான். தொப்பியைக் கழற்றினாள். சீனத்தில் நிதானமாக, அழாமல், கொஞ்ச நேரம் பேசினாள். வெய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. செந்தில் அடுப்பை அணைத்தார்.

கடைசியில் அம்மா ஏதோ கொஞ்சமாகச் சொன்னார். "இன்னும் ஒரு வாய்" என்றாராம், வெய் பிறகு சொன்னார். லான் சர்க்கரையை மட்டும் நக்கினாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது செந்தில் வண்டியை ஃப்ரீவேயில் ஏற்றினார். பிறகு, "அந்தம்மா இன்னிக்குத் தூங்குவாங்களா?" என்றார்.

"அங்க இப்பதாங்க காலை. இன்னும் முழு நாளும் இருக்கு."

இரண்டு வாரத்துக்குள் லான் போய்விட்டாள். அம்மாவுக்கு விசா கிடைத்தபோது இறுதிச் சடங்கு முடிந்திருந்தது.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: பழத்தில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. மழை நாளில் செய்யாதீர்கள், பாகு சரியாக உறையாமல் பிசுபிசுக்கும். கொதிக்கும் பாகு தோலில் பட்டால் சதையோடு எடுக்கும், குழந்தைகளை அடுப்பருகே விடாதீர்கள். செய்த உடனே சாப்பிட வேண்டும். யாருக்காவது செய்து தருவதாகச் சொல்லியிருந்தால், அவர்களால் விழுங்க முடிகிற நாட்களிலேயே போய்விடுங்கள்.

லானின் அம்மா அடுத்த வாரம் வருகிறார். விமான நிலையம் எங்கள் வீட்டுக்குப் பக்கம் என்பதால் நான்தான் அழைத்துவரப் போகிறேன். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குச் சீனம் வராது. கூட்டத்தில் அடையாளம் தெரியுமா, படம் அனுப்பட்டுமா என்று வெய் கேட்டார்.

வேண்டாம் என்றேன். மகள் பேசி முடித்தபோது அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.