பவுனு படுத்த சாக்கு

நாய்க்குட்டி வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு நாயைப் புதைத்த கையோடு வருகிறவர்கள் என்பது இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும். ராஜபாளையத்தில் நாய் வளர்த்து விற்ற காலமெல்லாம் அவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வேன். ஒரு வருஷம் என் முகமும் அப்படி ஆயிற்று. நாயைப் பறிகொடுத்தவர்களுக்கு அதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது வெறும் கதை.

வைத்தியர்

அன்று தொழுவத்தில் இருந்தவர்கள்: நான், என் சம்சாரம், மருந்து அரைத்துக் கொண்டுவந்த வைத்தியர், கட்டுத்தறியில் பசு ஒன்று, ஓரத்தில் குட்டிகள் ஐந்து, நடுவே குட்டிகளின் தாய் பவுனு. கடலைக்காட்டில் கண்ணாடி விரியன் தீண்டியபின் வீடுவரை தானே நடந்து வந்து, தன் சாக்கில் படுத்துக்கொண்டாள். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, ஊரில் எல்லா நாயும் போலத்தான். ஆனால் நான் கையை அசைத்தால் போதும், வருவாள், நிற்பாள், உட்காருவாள். அவளிடம் நான் வாயைத் திறந்து பேசியதாக நினைவில்லை.

வைத்தியர் அவள் கண்ணை விலக்கிப் பார்த்தார். கொண்டுவந்த மருந்தை வாசலில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவினார். “குட்டிக கூழு குடிக்குதுல்ல? பொறவென்ன, அதுகளப் பாருங்க” என்றார்.

ஐந்து துண்டு

இனி நாயே வேண்டாம், ஐந்தையும் கொடுத்துவிட்டுத் தொழுவத்தைக் கூட்டிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

குட்டியை அனுப்பும்போது தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டும் கூடப் போகவேண்டும். அந்த வாடை இருந்தால்தான் குட்டி புது வீட்டில் அழாது. சாக்கை விரித்து, முழம்போட்டு, கோடு கிழித்து ஐந்தாக வெட்டினேன். ஐந்தும் ஒரே அளவு. எனக்கென்று ஒரு பிரிகூட மிஞ்சவில்லை. சம்சாரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு ஓரத்தையாவது வச்சுக்கிட்டா ஆகாதா? சாக்குக் கடைக்காரன் மாதிரியில்ல அளக்கீக!” என்றாள்.

அதே மணி

முதலில் வந்தவர் சேத்தூரில் இருக்கும், போலீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஏட்டையா. அவருடைய மணி கிழடு தட்டிச் செத்திருந்தது. “இதுக்கும் மணின்னே பேரு” என்று சொல்லி ஒரு குட்டியையும் ஒரு துண்டையும் வாங்கிப் போனார்.

எங்கள் ஊர் நாயை இழந்தவர்கள் எல்லோருக்கும் வருகிற மயக்கம் இது. எல்லாம் ஒரே வெள்ளை அல்லவா? போனதுதான் சிறிதாகித் திரும்பி வந்திருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். பிறகு ஒருநாள் சந்தையில் ஏட்டையா என்னை மறித்துக்கொண்டார். முகத்தில் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

“நிறம் அதே, மூக்கு அதே, பேரும் அதே. பொறவு ஏன் அண்ணாச்சி வாசலுக்குப் போன்னா அடுப்படிக்குப் போகுது?”

கூமாப்பட்டிக்காரர்

அடுத்தவர் கூமாப்பட்டிச் சம்சாரி, மலையடிவாரத்தில் கரும்பு போட்டவர். காட்டுப்பன்றி அவருடைய நாயைக் கிழித்துவிட்டது. அதற்குள் அவர் தேறியிருந்தார். “ரெண்டாக் குடுங்க. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்ல” என்றார். ரொம்பச் சரியான யோசனை என்று எனக்கும் பட்டது.

இரண்டு துண்டை எடுத்து நீட்டினேன். “ரெண்டும் ஒண்ணாத்தான படுக்கும்?” என்று ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டார். அதை நான் எவ்வளவு வேகமாக மடித்து இடுப்பில் செருகினேன் என்று சம்சாரம் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

வண்டி நகர்ந்து தெருமுனை வரை போய் நின்றது. அவர் தலையை நீட்டி அங்கிருந்தே கத்தினார்: “அண்ணாச்சி, ரெண்டு இருந்தா ரெண்டு தரமுல்ல அழணும்! போகட்டும், ஏத்தியாச்சு. ஏலே, வண்டிய ஓட்டு!”

டீச்சரம்மா

மிஞ்சியது இரண்டு. ஒன்றில் எனக்குச் சந்தேகம் இருந்தது. எங்கள் வெள்ளை நாய்களில் அங்கொன்று இங்கொன்று செவிடாகப் பிறப்பதுண்டு. பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டினேன். ஒரு குட்டி துள்ளி ஓடியது. மற்றது கால் நக்கிக்கொண்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரயிலேறி வந்தார் ஒரு டீச்சரம்மா. அவர் வீட்டு நாய் போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. குட்டிகளைத் தொடவில்லை. “இதுகளோட தாய் எப்படிப் போச்சு?” என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. நான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். கதவோரம் நின்ற சம்சாரம் என்னையே பார்த்தாள்.

பிறகு அவர் செவிட்டுக் குட்டியைக் காட்டி, “இதுதான் எங்க ராணி மாதிரி இருக்கு” என்றார். காது கேட்காது என்றேன். “பாவம், நானே வளக்கேன்” என்று கையை நீட்டினார். மற்றக் குட்டியை நகர்த்த நான் கையை அசைத்தேன். செவிட்டுக் குட்டி தலையைத் தூக்கி, என் கையைப் பார்த்து, தொழுவத்தின் அந்தக் கோடியிலிருந்து நேரே ஓடிவந்தது. பவுனு வருவது அப்படித்தான்.

“அது மட்டும் வேண்டாம்மா” என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “எனக்கு நாள் பூராவும் பேர் சொல்லிக் கூப்பிட ஒண்ணு வேணும். உங்களுக்கு அது வேண்டாம்போல. காது கேக்கிறத எனக்குத் தாங்கய்யா” என்றார்.

சம்சாரம்

குட்டியும் ஒரு துண்டுமாக அவரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். நாயே வேண்டாம் என்று சொன்னவன் என்ன சொல்லி வீட்டுக்குள் நுழைவது என்று வாசலில் நின்றேன். சம்சாரம் கூழ்ச்சட்டியோடு வந்தாள். குட்டி அவள் காலைச் சுற்றியது.

“பேசாத மனுசனுக்குக் கேக்காத நாயி. இனி வீட்டுல சத்தம் போட நா ஒருத்திதான்!” என்றாள்.

கணக்கு சரியாக இருக்கவேண்டும் என்பதால் சொல்கிறேன்: கடைசியில் மிச்சம் சாக்குத் துண்டு இரண்டு, குட்டி ஒன்று, இரண்டிலும் படுப்பது அந்த ஒன்றுதான்.