அழுகைக்கு அஞ்சு புளியங்கொட்டை

படம் போட்டு ஆளை அழவைப்பதும் ஒரு வேலைதான். அதற்குச் சம்பளமும் உண்டு. எழுபதுகளில், மனோதத்துவம் படித்துவிட்டுச் சும்மா திரிந்த என்னை ஒரு பேராசிரியர் தன் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டார். தூத்துக்குடிக் கடற்கரையோரம் ஒரு வாசகசாலை அறை. ஜன்னலுக்குக் கோணி, சுவருக்கு வெள்ளை வேட்டி, நடுவில் புரொஜெக்டர். வருகிறவர்களுக்கு மூன்று துண்டுப் படம் காட்ட வேண்டும்: ஒன்று சிரிக்க, ஒன்று அழ, இன்னொன்று எதுவுமே தோன்றாமலிருக்க. ஒவ்வொன்றும் முடிந்ததும், மனசு எவ்வளவு கனத்தது என்று கிண்ணத்தில் புளியங்கொட்டை போடுவார்கள். ஐந்து போட்டால் தாங்க முடியாத துக்கம், போடாவிட்டால் ஒன்றுமில்லை. மேலே இருப்பவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிப் பிழைத்தவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

சிரிப்பு ரீல்

மூட்டையோடு பலகையில் ஏறுகிற தடியர் வழுக்கித் தொப்பென்று விழுவார். நானும் பேராசிரியரும் வயிறு வலிக்கச் சிரித்த துண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் போட்டேன். மனிதர் சிரிக்கவில்லை. மூன்று கொட்டையைப் போட்டுவிட்டுக் கேட்டார்: "விழுந்தவன் எந்திரிச்சானா, இல்ல தூக்கிட்டுப் போனாவளா?"

அழுகை ரீல்

தாய் சாகக் கிடப்பாள்; மகன் ஓடி வந்து சேருமுன் உயிர் போய்விடும். உப்பளத்து வெயிலில் கண் பூத்துப்போன பேச்சியக்கா, கண்ணை இடுக்கிக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். கொட்டைப் பக்கம் கையே போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "கட்டில்ல, மெத்தையில, பக்கத்துல டாக்டரோட போறா. குடுத்து வச்சவ. இதுக்கு எதுக்குத் தம்பி அழணும்?"

எதுவும் தோன்றாத ரீல்

இதைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி நான்தான். எனக்கு ஊர் கடலை விட்டுத் தள்ளியிருக்கிற நாசரேத். லீவு நாளில் சுண்டல் தின்றபடி கடலைப் பார்த்தவன். அலையும், கரையிலிருந்து மெல்ல விலகிப் போகும் ஒரு பாய்மரத் தோணியும்: இதைப் பார்த்து யாருக்கு என்ன தோன்றப்போகிறது என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

அமலோற்பவம் வந்தாள். அவள் புருஷன் வெங்காயம் ஏற்றிய தோணியில் கொழும்புக்குப் போய், இருபது நாளாகத் தகவல் இல்லை. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முதலில் நான் கேட்கவுமில்லை. தோணி சிறுத்துக்கொண்டே போய் ரீல் முடிந்தது. அழுத சத்தம்கூட வெளியே வரவில்லை. ஐந்து கொட்டையையும் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் கொட்டை தாங்க சார்."

பேராசிரியரின் பென்சில்

பேராசிரியர் வந்து தாள்களைப் புரட்டினார். அமலோற்பவத்தின் பெயருக்கு வந்ததும் பென்சிலால் ஒரே கோடாக அடித்தார். நான் ரீலைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு என்று நாக்கு நுனிவரை வந்தது. வேலை போய்விடுமே என்று விழுங்கிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன. அவர் சாவகாசமாகச் சொன்னார்: "அலையைப் பார்த்து அழறவங்களை வச்சு ஆராய்ச்சி பண்ண முடியாதுப்பா."

திரும்பி வந்த தோணி

மறுநாள் அமலோற்பவம் தானாகவே வந்து, அந்தத் தோணியை இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். காட்டினேன். முடிந்தும் எழுந்திருக்கவில்லை. தோணி கரைக்குத் திரும்புவது எங்கே என்று கேட்டாள்.

அது படத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புரொஜெக்டரைப் பின்னோக்கி ஓட்டினேன். தூரத்தில் புள்ளியாகக் கிடந்த தோணி, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து கரைக்கு வந்து நின்றது. இப்படி ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. தோணிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பாய் அங்கன பாத்து வீங்கியிருக்கு, தோணி இங்கன வருது. இப்படி எந்தத் தோணியும் வராது சார். இருந்தாலும், வந்துட்டுல்லா."

அவள் புருஷன் போன தோணி வரவேயில்லை. எங்கள் ஆராய்ச்சி மட்டும் பத்திரமாகக் கரை சேர்ந்தது, அமலோற்பவத்தின் பெயர் இல்லாமல்.