அம்மாவின் நாடாவும் அன்ரன் அண்ணையும்

அன்ரன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் முதலில் போட்டவர் எங்கள் இசைச் சங்கத்தின் செயலாளர். "சங்கத்தின் ஒலிப்பணிக்குத் தோள் கொடுத்த பெருந்தகை" என்று எழுதியிருந்தார். வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குள் நின்றபடி வாசித்தேன். அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது.

பூஞ்சணம் பிடித்த பழைய கச்சேரி ஒலிநாடாக்களைத் துடைத்துக் கணினியில் ஏற்றிக் கொடுப்பதுதான் கொட்டாஞ்சேனையில் தன் வீட்டிலிருந்தபடி அவர் செய்த வேலை. கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரருக்குத் தோடி ராகத்தில் என்ன விளங்கும் என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். "எனக்கு விளங்கத் தேவையில்லை ஐயா, மெஷினுக்கு விளங்கினாப் போதும்" என்றார் அண்ணை.

என் அம்மா பாடிய ஒரே நாடா சங்கத்து அலுமாரியில் இருந்தது. அம்மாவின் குரல் வேறெங்கும் இல்லை. ஈரம் குடித்து ஒட்டிப்போயிருந்ததை அண்ணை மெல்லிய சூட்டில் வைத்து உலர்த்தினார். "இது ஒருக்காத்தான் பாடும் தங்கச்சி. ரெண்டாந்தரத்துக்கு நான் பொறுப்பில்லை. முதல்ல கணினியில கொப்பி, பிறகு கொண்டாட்டம்."

சங்கத்துக்குக் கொண்டாட்டம்தான் முதலில். பிரதம விருந்தினர் முன்னால் நாடாவை ஓடவிட்டு ஒலிச் சேகரிப்புக்குத் தொடக்கவிழா வைக்க வேண்டுமாம். மேடையில் கணினியும் வயரும் கிடந்தால் போட்டோவுக்கு வடிவில்லையாம், பதிவைப் பிறகு பார்க்கலாமாம். நானும் கெஞ்சிப் பார்த்தேன். "நாடா சங்கத்தின்ர சொத்து. நீங்கள் வராட்டி வேற ஆளைப் பிடிப்பம்" என்று அண்ணையிடம் சொன்னார் செயலாளர். வேறு ஆள் கைவைத்தால் அறுத்துவிடுவான் என்று பயந்துதான் அண்ணை தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

விழாவன்று நேரமாகியும் விருந்தினர் வரவில்லை. சனம் எழும்பத் தொடங்கியது. அவர் வரும்வரை ஓடட்டும் என்று போடவைத்தார்கள். அம்மா கணீரென்று பாடினார். நான் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த சங்கத்தாரின் கைபேசிகளெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பாட்டு முடிய விருந்தினர் வந்தார். "ஐயா கேட்கேல்லையே, முதல்லயிருந்து போடுங்கோ" என்றார் செயலாளர்.

"இனிப் பாடாது" என்றார் அண்ணை. செயலாளர் தானே போய் நாடாவைத் திருப்பிச் சுற்றிப் பொத்தானை அழுத்தினார். ஒரு கீச்சுச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அண்ணையின் மெஷின் பழசு என்று மேடையிலேயே சொன்னார்கள்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். மெஷினைத் துடைத்த பஞ்சை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பஞ்சு முழுக்க நாடாவின் மண்ணிறத் தூள்.

"அம்மான்ர குரல் இதிலதான் உதிர்ந்து கிடக்கு தங்கச்சி. குப்பையில போட மனம் வரேல்ல."

இரங்கல் கூட்டத்தில் போட, அன்ரன் அண்ணை எடுத்துத் தந்தது ஏதாவது இருக்கிறதா என்று செயலாளர் நேற்றுக் கேட்டார். இருக்கிறது என்றேன். என் அலுமாரியில், அந்தப் போத்தலுக்குள்.