ஏகாதசிக்கு எத்தனை மார்க்

நாற்பத்தாறு வயதில் முதியோர் நலப் படிப்பில் சேர்ந்தபோது காட்டூரில் எங்கள் தெருவே சிரித்தது. வீட்டில் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்வது போதாதா, அதற்கொரு சர்டிபிகேட் வேறா என்று நாத்தனார் கேட்டாள். ஆமாம், வேண்டும், சம்பளமும் வேண்டும் என்றேன். ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாகப் படித்தேன்.

செய்முறைப் பயிற்சி ஸ்ரீரங்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில். மாடியில் தனி அறையில் எண்பது தாண்டிய ஒரு மாமி இருந்தார். பெருமாளுக்குத் தளிகை செய்யச் சின்ன ஸ்டவ், இடுப்பில் அறைச் சாவி. மாமிக்கு ஞாபகம் தப்புகிறது, சில நாள் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை என்றார்கள். ஞாபக சோதனையில் மார்க் குறைந்தால் கீழே பொது ஹாலுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஸ்டவ்வும் கிடையாது, சாவியும் கிடையாது. சோதனை செய்யும் வேலை என்னிடம் வந்தது.

நான் போனபோது சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. இன்று என்ன தேதி என்று கேட்டேன். ஏகாதசி என்றார். மாதம்? மாசி. வருஷத்துக்கு அறுபது தமிழ்ப் பெயர்களில் ஒன்றைச் சொன்னார். ஏகாதசி என்றால் விரதம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தாளில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான். மூன்றுக்கும் பூஜ்யம் போட்டு, 'உணவு மறுப்பு' என்ற இடத்தில் டிக்கும் அடித்தேன்.

கீழே ஆபீஸ் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. ஏகாதசி, மாசி, அதே வருஷப் பெயர். மூன்றும் சரி. ஸ்ரீரங்கத்தில் நின்றுகொண்டு இதற்குப் பூஜ்யம் போட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அங்கேயே பூஜ்யங்களை அடித்து முழு மார்க் போட்டேன். டிக்கையும் அழித்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் மேடம் தாளைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் தேதிதான் விடை, இப்படித் திருத்தினால் உங்கள் மார்க்தான் போகும் என்றார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை என்ன திதின்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"எனக்கும் தெரியாதுங்க. அப்ப நம்ம ரெண்டு பேரையும் பொது ஹாலுக்கு மாத்திடலாமா?"

மறுநாள் காலை மேடமே சோதிக்க வந்தார். மாமி குளித்துவிட்டு ஸ்டவ்வில் அகத்திக்கீரை வதக்கிக்கொண்டிருந்தார். மேடம் தாளைப் பிரிப்பதற்குள் அவரே சொன்னார்.

"இன்னிக்குத் துவாதசி. நேத்திலேர்ந்து பட்டினி. சாப்டுட்டு வரேன், அப்பறம் கேளுங்கோ."

மேடம் போனை எடுத்துத் தேடினார். துவாதசிதான். பிறகு நான் போட்ட மார்க்கின் கீழே கையெழுத்துப் போட்டார்.

விதியை மீறினேன் என்று என் மார்க்கைக் குறைத்ததும் அதே கைதான். வகுப்பிலேயே கடைசியாகத் தேறினேன். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த நாத்தனாருக்கு அவல் கிடைத்தது. மென்றுகொள்ளட்டும். சாவி இன்னும் மாமியின் இடுப்பில்தான் இருக்கிறது.