தொகை எழுதாத தாளில் ஒரு கையெழுத்து

கொய்யாப்பழ வாசனை அன்று வீடு முழுக்க இருந்தது…

இன்னாசி அண்ணன் ஆயக்குடியிலிருந்து ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்திருந்தார். என் வீட்டுக்காரருடைய தங்கை ஸ்டெல்லாவின் கணவர். இரண்டாயிரமாம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் இருக்கும். அப்போது நாங்கள் திண்டுக்கல்லில், பேகம்பூர் தாண்டி ஓர் ஓட்டு வீட்டில் இருந்தோம். எங்களுக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

பழம் கொடுத்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"மச்சான், ஒரு தோப்பு குத்தகைக்கு எடுக்கப் போறேன். பழனியில ஒரு பைனான்ஸ்காரர் பணம் தாரேங்கிறாரு. ஜாமீனுக்கு உங்க கையெழுத்து மட்டும் வேணும். காசா கேக்குறேன்?"

என் வீட்டுக்காரர் ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டார். தாளில் வேறு ஒரு எழுத்துகூடக் கிடையாது.

"எம்புட்டுண்ணே வாங்குறீங்க?" என்று அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"அதெல்லாம் அவரு எழுதிக்குவாரு தங்கச்சி. நீ டீயப் போடு."

எங்கள் குடும்பங்களில் அப்போது அப்படித்தான். சொந்தக்காரரிடம் தொகையை எழுதச் சொன்னால் சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தம். காலித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் மரியாதை.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அன்றாடக் கணக்கை எழுதாமல் இருந்ததில்லை. பால், விறகு, கோயில் காணிக்கை… எல்லாம். அன்று சாயந்தரம் பேனாவோடு உட்கார்ந்தவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு கையெழுத்தை எந்தப் பக்கம் எழுதுவது? வரவிலா, செலவிலா?

கொஞ்ச நாள் கழித்து, ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் பங்கு மன்றத்தில் பெண்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். பேங்கிலிருந்து ஓர் அம்மா வந்து சேமிப்பு, வட்டி, ஜாமீன் என்று ஒவ்வொன்றாகப் போர்டில் எழுதிச் சொன்னார்.

"காலிப் பேப்பர்ல மட்டும் கையெழுத்துப் போட்டுறாதீங்க. அதுல எவ்வளவு வேணும்னாலும் எழுதிக்கலாம். கேஸ் போட்டா வீடு வரைக்கும் வரும்."

"எம் புருஷன் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். அத எவன் வாங்குவான்?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. மன்றமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வரைக்கும் வரும்… வீடு வரைக்கும் வரும்… செபமாலையை எடுத்தால் எத்தனையாவது மணி என்று மனசில் நிற்கவில்லை. தெருவில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நோட்டீஸ் என்றே தோன்றும். கூரை ஓட்டைப் பார்த்தால் அது வேறு யாருடையதோ போல இருக்கும்.

இவரிடம் சொன்னேன்.

"என் தங்கச்சி வாழ்க்கைடி. இப்பப் போயி பேப்பரக் காட்டுன்னா அவ என்ன நெனப்பா?"

"நெனச்சுட்டுப் போகட்டுங்க. தெருவுல நின்னா நம்ம பிள்ளை என்ன நெனைக்கும்?"

மூன்றாம் நாள் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

இன்னாசி அண்ணனையும் கூட்டிக்கொண்டு பழனிக்குப் போனோம். பைனான்ஸ்காரர் நெற்றி நிறைய விபூதியோடு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பீரோவைத் திறந்து தாளை எடுத்துப் போட்டார். நான் பயந்தது போலவே ஸ்டாம்புக்கு மேலே இன்னும் வெள்ளையாகவே கிடந்தது.

"அண்ணன் வாங்குன தொகைய இப்ப எழுதிருங்க. வட்டியையும் எழுதுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏனுங்கம்மா, நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"நம்பிக்கை இருக்குண்ணே. பயமும் இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். இன்னாசி அண்ணன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். பேனா மூடி திறக்கிற சத்தம்… இருபத்தைந்தாயிரம் என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினார். வட்டியை எழுதினார். மீதி இடத்தில் குறுக்கே கோடு இழுக்கச் சொன்னேன். "விட்டா என்ர பேனாவையும் வாங்கிக்குவீங்களாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்.

அந்த வருஷம் தோப்பு காய்க்கவில்லை. அண்ணனால் கட்ட முடியவில்லை. கடன் எங்களிடம்தான் வந்தது. என் கழுத்துச் சங்கிலியை விற்று, வட்டியோடு கட்டினோம். அந்தப் பைனான்ஸ்காரர் நல்லவராகவே இருந்திருக்கலாம், காலியாக இருந்தாலும் கூட்டி எழுதாமல் விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. வீடு தங்கியது. ஸ்டெல்லா மட்டும், தன் மகள் கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்குகிற புதுநன்மை நாள் வரைக்கும் என்னை "மதினி" என்று கூப்பிடவில்லை.

இப்போது என் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் வந்தவள் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு நிமிஷத்துல லோன் வந்துருச்சும்மா!"

"எதுலடி கையெழுத்துப் போட்ட?"

"கையெழுத்தெல்லாம் இல்லம்மா. அக்ரீன்னு ஒரு பட்டன். அதத் தட்டினாத்தான் அடுத்த பக்கம் போகும்."

"மேல என்ன எழுதியிருந்துச்சு?"

"அத யாரும்மா படிப்பா?"

வாங்கிப் பார்த்தேன். இங்கே காலியே இல்லை. பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். அந்தக் காலித் தாளும் இதுவும் எனக்கு ஒன்றுதான். அவளையே வரி வரியாக வாசித்து அர்த்தம் சொல்லச் சொன்னேன். போனில் உள்ள நம்பர், போட்டோ எல்லாவற்றையும் கடன் கொடுத்தவர்கள் எடுத்துப் பார்க்கலாம் என்று வந்த வரியில், சிரித்துக்கொண்டிருந்தவள் குரல் தானாக இறங்கியது.

"இத மாத்தச் சொல்லணும்டி. யார்கிட்ட போறது?"

"ஆளெல்லாம் யாரும் இல்லம்மா… இது வெறும் ஆப்."

அன்றைக்குப் பழனிக்குப் பயந்துகொண்டே போனாலும், மேசைக்கு அந்தப் பக்கம் முகம் சுளிக்கவாவது ஒரு மனுஷர் இருந்தார்.

இன்றைக்கு இவளைக் கூட்டிக்கொண்டு நான் எந்த ஊர் பஸ்ஸில் ஏறுவது…